கூட்டம் வேறு, கூட்டணி வேறு

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறுகிறவர்கள் பாதி வழியில் மூச்சு வாங்க உட்காரும்போதுதான் வானத்தைப் பார்ப்பார்கள். வெயில் ஏற ஏறப் பாறை சூடாகும். அந்தச் சூட்டில் காற்று மேலே எழும். அதில் தொற்றிக்கொண்டு இறக்கையை அசைக்காமலே பருந்துகள் வட்டமடிக்கும். மனிதர்கள் 800 அடி ஏற வியர்த்துக் கொட்டுகிறது. பருந்துக்கு லிஃப்ட் இலவசம்!

கறிக்கடைக்குப் பின்னால் பத்துப் பருந்துகள் கூடினாலும் அது வெறும் கூட்டம்தான். கிடைத்த துண்டு கிடைத்தவருக்கு. பக்கத்துப் பருந்தின் காலில் இருப்பதைப் பிடுங்கவும் தயங்காது. இரவானால் எல்லாம் ஒரே மரத்தில் தூங்கும், அது வேறு விஷயம்.

நிஜமான கூட்டணி ராசாளியிடம் இருக்கிறது. (ஊருக்கு ஊர் வெவ்வேறு பறவைக்கு இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். இங்கே சொல்வது பொனெல்லி கழுகு.) செஞ்சி மாதிரியான பாறைக் குன்றுகள்தான் அதற்குப் பிடித்த இடம். ஆணும் பெண்ணும் ஆண்டு முழுக்க ஜோடியாகவே திரியும். ஒன்று தாழப் பறந்து புதரில் பதுங்கிய கௌதாரியைக் கிளப்பிவிடும். மேலே காத்திருக்கும் மற்றது பாய்ந்து அடிக்கும். சுமார் 40 நாள் அடைகாக்கும் காலத்தில் பெண் பெரும்பாலும் கூட்டிலேயே இருக்க, இரை கொண்டுவருவது ஆணின் வேலை.

இதையே குடும்பத்தோடு செய்கிறது அமெரிக்காவின் ஹாரிஸ் பருந்து. நியூ மெக்சிகோவில் ஜேம்ஸ் பெட்னார்ஸ் ஆராய்ந்து 1988-ல் எழுதினார்: முயல் புதருக்குள் ஒளிந்தால் ஒரு பருந்து உள்ளே நுழைந்து விரட்டும், மற்றவை சுற்றி நின்று மறிக்கும். ஐந்தாறு பேர் சேர்ந்தபோது தலைக்குக் கிடைத்த பங்கும் கூடியதாம்.

பாறுகள் வேட்டையாடுவதில்லை. பிணந்தின்னிக் கழுகு என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான். வானில் பரந்து பறந்தபடி ஒன்றையொன்று கவனிக்கும். ஒன்று கீழே இறங்கினால் போதும், மற்றவையும் பந்திக்கு வந்துவிடும். அந்தப் பழக்கமே அவற்றுக்கு எமன் ஆனது. மாட்டுக்கு வலி குறையப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, இறந்த மாட்டின் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. ஒரு மாடு போதும், ஒரு கூட்டமே காலி. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்த பிறகு, 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்லோஃபினாக் இரண்டுக்கும் தடை வந்தது. தமிழ்நாட்டில் பாறுகளை இன்று பார்க்க வேண்டுமானால் நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும்.

திருக்கழுக்குன்றத்தில் நடுப்பகல் சர்க்கரைப் பொங்கலுக்கு இரண்டு பாறுகள் வந்து போனதைப் பார்த்த தாத்தா பாட்டிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள் அடுத்த முறை வலி ஊசி போடும்போது மெலாக்சிகாம் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம். மாட்டுக்கும் வலி குறையும், பாறுகளுக்கும் ஆபத்தில்லை.