ரப்பர் படகு வந்தா மட்டும் போதுமா? காத்தையும் பார்க்கணும்!

சென்னை:
2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் சென்னையில் வீடுகளில் சிக்கித் தவித்தவர்களை மீட்க ரப்பர் படகுகளும் கைகொடுத்தன. 'படகு வந்துடுச்சு, இனி பயமில்லை' என்று நிம்மதி அடைகிறோம். அந்தப் படகில் காற்று குறைவாக இருந்தால்?

காற்று ஒரே பையில் இருக்காது. தனித்தனி அறைகள் உண்டு. ஒன்று கிழிந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும். ஆனால் டியூப் தொளதொளன்னு இருந்தால் ஆள் ஏறியதும் படகு நடுவில் மடங்கும். தண்ணீர் உள்ளே புகும். திருப்பினாலும் சொன்னபடி கேட்காது.

வெயிலில் காற்றடித்த படகை குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கி டியூப் தளரும். அதனால் இறக்கிய பிறகு மறுபடி காற்று ஏற்ற வேண்டும். மடக்கி வைக்கும் படகுகளில் தரைப்பலகை சரியாகப் பொருந்தாவிட்டாலும் விறைப்பு போச்சு.

நம்ம பங்கும் இருக்கு. மேலிருந்து படகில் குதிக்கக் கூடாது. எல்லாரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. எழுந்து நிற்காமல் தாழ உட்கார வேண்டும். கனமான பொருள் நடுவில் இருக்கட்டும்.

எத்தனை படகு தயார் என்று எண்ணினால் மட்டும் போதாது. மழைக்கு முன்பே காற்றடித்து ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தால், எதில் ஓட்டை என்று காலையில் தெரிந்துவிடும். வெள்ளத்துக்கு நடுவில் தெரிந்து என்ன பயன்?