வந்தியத்தேவனுக்கு ஓய்வு கொடுங்கள்

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்துபோன பிறகு, நம் இதழுக்கு வரும் கதைகளில் சோழர் கதைகள் பெருகிவிட்டன. எல்லாவற்றிலும் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். நந்தினி ஒருமுறையாவது மர்மமாகச் சிரிக்கிறாள்.

கல்கி 1954இல் 'பொன்னியின் செல்வ'னை முடித்து, அதே ஆண்டு காலமானார். பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று முடிவுரையில் அவரே சொல்லிவிட்டார். வாசகர் விட்டால்தானே! விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பழைய மனிதர்களை மறுபடி பார்க்கிற சந்தோஷம் அதில் உண்டு. கல்கியின் குறும்பு இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு வந்தியத்தேவனின் பெயரும் வாளும் கிடைத்தன, வாய் கிடைக்கவில்லை. பாலகுமாரன் தப்பித்தார். ஆறு பாக 'உடையா'ரில் அவர் மனம் பெரிய கோயிலின் கல்லிலும் அதைச் சுமந்தவர்களிடமும் போய்விட்டது.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதியல்ல. ராபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் 2013இல் பதினான்காம் பாகத்தோடு அவருடைய தொடரை முடித்தார். ஜார்ஜ் மார்ட்டினின் தொடரில் ஆறாம் பாகத்துக்கு 2011 முதல் உலகமே காத்திருக்கிறது. டோல்கீன் கெட்டிக்காரர். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதைக்கு ஒரு தொடர்ச்சியைத் தொடங்கி, சில பக்கங்களிலேயே இது தேறாது என்று நிறுத்திவிட்டார்.

கல்கியின் கதை முடிந்து வெகுகாலம் கழித்து, 1025இல்தான் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரம் வந்தன. மலேசியாவில் இருக்கும் நமக்குக் கதையே அங்கேதான் தொடங்குகிறது. சாண்டில்யனின் 'கடல் புறா' பிற்காலச் சோழரைக் கொண்டு இந்தப் பக்கம் வந்தது. ஆனாலும் அது கப்பல் தளத்தில் நின்று கரையைப் பார்க்கிற கதை.

சோழர் கதைக்கு மிகத் துணிச்சலான தொடர்ச்சி நம் ஜொகூரில், மலாய் மொழியில் எழுதப்பட்டது என்பேன். 1612இல் ஜொகூர் ஆற்றங்கரையில் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் தொகுத்ததாகச் சொல்லப்படும் 'செஜாரா மெலாயு'தான் அது. அதில் வரும் ராஜா சூலான் (சில பிரதிகளில் சூரான்) சோழப் படையெடுப்பின் மங்கிய நினைவு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டையோடு இருந்த கெலாங்கி முதலில் விழுகிறது. அடுத்து சீனம். சீனப் பேரரசன் படை அனுப்பவில்லை. பல் விழுந்த கிழவர்கள், துருப்பிடித்த ஊசிகள், காய்த்த மரங்கள், இவற்றை ஏற்றி ஒரு கப்பலை, சூலான் வந்திருந்த தெமாசெக்குக்கு (இன்றைய சிங்கப்பூர்) அனுப்புகிறான். "புறப்பட்டபோது நாங்கள் சிறுவர்கள், இந்த ஊசிகள் இரும்புத் தடிகள், மரங்களை விதையாக நட்டோம்" என்கிறார்கள் கிழவர்கள். அவ்வளவு தூரமா என்று சூலான் திரும்பிவிடுகிறான். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்கடியில் இறங்கி, அங்கே ஓர் இளவரசியை மணந்து மூன்று பிள்ளைகள் பெற்று, பறக்கும் குதிரையில் கரையேறுகிறான். அந்தப் பிள்ளைகள் வழியாக மலாய் அரசவம்சக் கதை நகர்கிறது.

படையெடுத்து வந்தவனை மூதாதையாக்கிக் கொண்ட கற்பனை இது. மெய்க்கீர்த்தியை மனப்பாடம் செய்த நமக்கு இந்தச் சுதந்திரம் இன்னும் வரவில்லை.

2005இல் கெலாங்கி அகப்பட்டுவிட்டது என்று பத்திரிகைகள் பரபரத்தன. கோட்டை இன்றுவரை உறுதிப்படவில்லை. கதை எழுதுகிறவருக்கு இதைவிட வசதி வேண்டுமா? அடுத்த இதழுக்குச் சோழர் கதை அனுப்புவோர், அந்தக் கோட்டைக்குள் இருந்தவர்கள் பக்கம் நின்று எழுதி அனுப்புங்கள். வந்தியத்தேவன் வரும் கதைகளைப் படிக்காமலே திருப்பி அனுப்புவதாக உத்தேசம்.