பிள்ளைகளோடு கடல் கடந்து

பிறநாட்டுப் பயணம் என்னும் பேச்சு ஒரு வீட்டில் எழுந்தவுடன், அதனோடு கூடவே எழும் கேள்வி ஒன்றுண்டு. "சின்னப் பிள்ளைகளை என்ன செய்வது?" என்பதே அது. அம்மம்மாவிடம் விட்டுச் செல்லலாம் என்பார் ஒருவர். நான்கு வயதுப் பிள்ளைக்குக் கண்டது எதுவும் நினைவில் நில்லாது, செலவு வீண் என்பார் மற்றொருவர். கைக்குழந்தையோடு அலைந்தால் தாய்க்கு ஒரு கோயிலையேனும் அமைதியாகத் தரிசிக்க முடியாது என்பார் வேறொருவர். மூவர் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பிள்ளையை விட்டுச் செல்வதென்னும் முடிவு பிழையானது என்பதே என் துணிபு.

பிறநாடு என்றதும் இலண்டனும் ரொறன்ரோவும் நினைவுக்கு வருதல் இக்காலத்து இயல்பு. நம்மவர் வீடுகளில் அங்கே உறவினர் இல்லாத வீடு அரிது. ஆனால் சிறுபிள்ளைகளுள்ள யாழ்ப்பாணக் குடும்பமொன்றுக்கு முதற் பயணமாக அமையத் தக்கது, பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள சோழநாடே என்பேன். தூரம் குறைவு, உணவு பழகியது, மொழி நமது மொழி. ஆயினும் அது வேறு நாடு. கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும், நாணயம் வேறு, பாதையிலே காணும் அறிவிப்புப் பலகைகள் வேறு. வேற்று நாடென்பதை அச்சமின்றி அறிவதற்கு இதனிலும் நல்ல இடம் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது கடினம்.

நம் பாட்டன்மார் காலத்தில் இப்பயணம் ஒரு பெரிய காரியமாகக் கருதப்படவில்லை. 1914ஆம் ஆண்டு தொடக்கம், புகையிரதத்தில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, மீண்டும் புகையிரதத்திற் சென்னை செல்லலாம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னரும் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிற்று. 1980களில், போர் மூண்டபோது, அதுவும் நின்றது.

எங்கள் வயதினர் பிள்ளைகளாயிருந்த காலம் அதன் பின்னர் வந்தது. எங்களுக்குக் கடல் என்பது போகக்கூடாத இடம். காங்கேசன்துறையும் பலாலியும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிக் கிடந்தன. அந்நாளிலே பாக்கு நீரிணையைக் கடந்த பிள்ளைகள் பலர், இரவிலே படகேறி, வாய் பொத்தப்பட்டு, மணற்றிட்டிலோ இராமேஸ்வரக் கரையிலோ இறக்கப்பட்டு, மண்டபம் முகாமில் அகதியெனப் பதியப்பட்டவர்கள். என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்தவர் சிலர் அவ்வாறு சென்றவர்களே. சிலர் திரும்பினர், சிலர் இன்றும் அங்கேயே உள்ளனர். ஆதலால், ஒரு சிறுவன் பட்டப்பகலில், தன் பெயரெழுதிய கடவுச்சீட்டோடு, தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, இதே கடலைக் கடப்பது எனக்குச் சிறிய காரியமாகத் தோன்றுவதில்லை. அவனுக்கு அதன் பொருமை தெரியாது. தெரியாதிருப்பதே நன்று.

யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் 2019ஆம் ஆண்டு அக்டோபரிலே திறக்கப்பட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் நின்றுபோன சென்னை விமானப் பயணம் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே 2023 அக்டோபர் 14ஆம் நாள் தொடங்கிய கப்பற் சேவை, மாரிக்காலம் நெருங்கியமையால் ஒரு வாரத்துள்ளே நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 60 கடல் மைல். நான்கு மணி நேரத்தளவிற் கரை சேரலாம். இவை வருமுன், இரவு முழுவதும் பஸ் வண்டியிற் கொழும்பு சென்று, கட்டுநாயக்காவில் அரைநாள் காத்திருந்து விமானமேறிய பிள்ளைகள் சென்னையில் இறங்கும்போதே வாடிய கீரையாகியிருப்பர். சிறுபிள்ளைகளோடு பயணஞ் செய்யலாமா என்னும் கேள்விக்குரிய விடையிற் பாதியை இந்த நான்கு மணி நேரம் சொல்லிவிடுகின்றது.

நாகபட்டினத்தில் இறங்கியவர் வடக்கே திரும்பிக் காரைக்கால், தரங்கம்பாடி, திருக்கடையூர் வழியாகச் செல்லின் சீர்காழியை அடைவர். நம் இலக்கியத்திலே பெரும்பயணஞ் செய்த சிறுபிள்ளை யார் என்று மாணவரைக் கேட்டால், அவர்கள் தயங்காது கூறவேண்டிய பெயர் திருஞானசம்பந்தர். அவர் ஊர் அது. சேக்கிழார் கூறும் வரலாற்றை அந்நோக்கோடு படித்துப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளை முதன்முதற் சென்ற தலம், பக்கத்திலேயே உள்ள திருக்கோலக்கா. அங்கே கையாற் றாளமிட்டுப் பாடிய பிள்ளைக்குக் கை நோகுமென்று பொற்றாளம் கிடைக்கின்றது. பின்னர்த் தந்தையார் தோளிலே சுமந்து செல்கின்றார். பிள்ளை தோளை விட்டிறங்கி நடந்து களைத்தபோது, திருவரத்துறையிலே முத்துச் சிவிகை வருகின்றது. பட்டீச்சரத்திலே வெயில் கடுமையாயிருந்தமையால் முத்துப் பந்தர் வருகின்றது. இறைவனே இப்பிள்ளையின் பயணத்திலே கை, கால், வெயில் என்று ஒவ்வொன்றாகக் கவனித்திருக்கின்றான். நாமோ மூன்று நாளிற் பதினான்கு கோயில் என்று அட்டவணை எழுதிக்கொண்டு வாடகைக் காரில் ஏறுகின்றோம்!

உண்மையில், பிள்ளைகளோடு செல்லும் பயணம் கெடுவது பெரும்பாலும் இந்த அட்டவணையினாலேயே. ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள் போதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அந்நாட்டுக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடைசாத்தி மாலையிலேயே திறக்கப்படுகின்றன. அந்த இடைவேளையைக் காரிலே கழியாது, அறையிலே பிள்ளைகளை உறங்கவிட்டுக் கழித்தல் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்விரித்த முற்றம் பகல் வெயிலில் எவ்வாறு சுடும் என்பதை, வெறுங்காலோடு நடந்த பெரியவர்கள் அறிவார்கள். பிள்ளையின் பாதம் நம்முடையதிலும் மெல்லியது. காலை ஏழு மணிக்குள் அங்கே நிற்கவேண்டும். இல்லையேல் மாலை ஐந்து மணிக்குப் பின் செல்லவேண்டும். சீர்காழியிலிருந்து வைத்தீஸ்வரன் கோயிலும் சிதம்பரமும் கிட்டிய தூரமே. ஓரூரில் அறையெடுத்து மூன்று நாள் தங்கினால், நாள்தோறும் பெட்டி கட்டும் துன்பமும், பிள்ளை நாள்தோறும் புதிய கட்டிலில் விழித்தெழும் கலக்கமும் இல்லை.

இனி, பிள்ளைக்கு நினைவில் நில்லாது என்பார்க்கு ஒன்று கூறுவேன். சீர்காழிக் கோயிற் குளத்தின் படியிலே என் நான்கு வயது மகனுக்குச் சம்பந்தர் கதையைச் சொன்னேன். தந்தையார் நீரில் மூழ்கியதையும், அவரைக் காணாது பிள்ளை அழுததையும் சொல்லி, பால் கிண்ணத்துக்கு வருமுன்னரே, அவன் என் வேட்டித் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டான். "அப்பா, நீங்கள் தண்ணிக்குள்ள போகவேண்டாம்" என்றான். பல ஆண்டுகளாக வகுப்பிலே அப்புராணத்தைப் படிப்பித்து வருகின்றேன். ஞானப்பாலிலேயே என் கவனம் சென்றதன்றி, அதற்கு முன் அப்பிள்ளை அடைந்த அச்சத்தில் ஒருபோதும் நின்றதில்லை. மகன் அதனை மறக்கலாம். பயணம் அவனுக்கு மட்டும் உரியதன்றே, நான் மறக்கமாட்டேன்.

எட்டு வயதான மூத்தவளுக்கோ வேறு வியப்பு. கடையிலே பாண் கேட்டாள்; கடைக்காரர் விழித்தார். சவர்க்காரம் என்றாள்; அதற்கும் விழிப்பு. "கதைக்கிறது" என்றால் அவர்கட்குக் கதை சொல்லுதல். "நீங்க சிலோனா?" என்று ஒருவர் கேட்டதும், "நான் சொன்னது தமிழில்லையோ?" என்று தாயைக் கேட்டாள். பாண் போர்த்துக்கேயர் தந்த சொல் என்பதையும், அங்கே அது பிரெட் ஆனது ஆங்கிலேயரால் என்பதையும் அன்றிரவு அவளுக்கு விளக்கினேன். வகுப்பறையிற் சொல்லியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பாள்.

ஆவணங்களைப் பற்றிச் சில சொற்கள். கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். அது காலாவதியாக ஆறு மாதமேனும் இருக்கவேண்டும். நம்மவர் பெயர் வழக்கிலே ஒரு சிக்கலுண்டு. பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயர் நிற்கும். தாயின் பெயரோடு நிற்பது பெரும்பாலும் அவளுடைய தந்தையின் பெயர். கணவன் உடன் வராது தாய் மட்டும் பிள்ளையோடு செல்லுமிடத்து, இருவர் கடவுச்சீட்டிலும் பொதுவான பெயர் ஒன்றுமிராது. பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பும், தந்தையின் சம்மதக் கடிதமும் கையிலிருப்பின் குடிவரவு அதிகாரியின் முன் நின்று தடுமாற வேண்டியதில்லை. தங்குமிடத்தின் பெயரையும், அந்நாட்டிற் பயன்படும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் எழுதிப் பிள்ளையின் சட்டைப்பையுள் இடுங்கள். சட்டையின் வெளியே பெயரெழுதி ஒட்டவேண்டா. பெயர் சொல்லி அழைப்பவரைப் பிள்ளை எளிதில் நம்பிவிடும்.

உடல்நலம் குறித்து அஞ்சுவது தாயாரின் இயல்பு. அச்சத்திற்குப் பெரும்பாலும் மருந்து முன்னேற்பாடே. கப்பலிலே தலைசுற்றும் வாந்தியும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதிகம் வருத்துவதில்லை. அதற்கு மேல், பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளையே மிகுதியும் வருத்தும். ஏறுமுன் சிறிதளவு உணவு கொடுத்து, கைத்தொலைபேசியைப் பறித்து வைத்துவிட்டு, தூரத்து அடிவானத்தைப் பார்க்கச் செய்தல் நன்று. மருந்து கொடுப்பதாயின் வைத்தியரைக் கேட்டே கொடுக்கவேண்டும். விமானம் இறங்கும்போது காது அடைத்துக் குழந்தை வீரிடும். அப்போது பாலூட்டினால் விழுங்க விழுங்கக் காது திறக்கும். வயிற்றோட்டமே எல்லாவற்றிலும் கவனிக்கத் தக்கது. ஜீவனிப் பொதிகள் சிலவற்றைப் பெட்டியில் வையுங்கள். அது தீர்ந்தால், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் பருக்கலாம். அளவு தவறக்கூடாது. பிள்ளை சோர்ந்து, கண் குழிந்து, சிறுநீர் குறையுமாயின் கோயிலை விட்டு வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

பாட்டன் பாட்டியரையும் உடன் அழைத்துச் செல்வதா என்று கேட்பாருமுண்டு. நடக்க வல்லவராயின் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகளும் முதியோரும் ஒரே வேகத்திற் செல்வர். ஒரே வேளையில் உறங்குவர். இடர்ப்படுபவர் இடையிலுள்ள நாமே.

காலத்தைப் பொறுத்தவரை, பாடசாலை விடுமுறைகளுள் ஏப்பிரல் வெயில் மிகக் கடுமையானது. டிசம்பரிற் சிதம்பரத்துத் திருவாதிரை காண விரும்புவோர் கப்பலை நம்பியிருத்தலாகாது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் சேவை நிறுத்தப்படுவதுண்டு. அவர்கள் பலாலியிலிருந்து செல்லும் விமானத்திற்கு இப்போதே பதிவு செய்துகொள்ளட்டும். ஏனையோர்க்கு ஆகஸ்ட் விடுமுறை பொருந்தும். எதற்கும் புறப்படுமுன், கப்பல் ஓடுகின்ற நாட்களை ஒருமுறைக்கு இருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.