சந்தையிலே முதற் சொல்

அயல்மொழி ஒன்றைக் கற்க விழைவோர் பலர் இலக்கண நூலையே அதன் தலைவாயில் என்று எண்ணுகின்றனர். நாம் சந்தையையே தலைவாயில் என்போம். அங்கே ஒருவர் வாங்க வேண்டும்; மற்றவர் விற்க வேண்டும். இருவருக்கும் பொழுது அருமையானது. ஆகவே பயனற்ற சொல் அங்கே நெடுநேரம் நிற்பதில்லை. ஒரு மக்கட் கூட்டத்தார் பேச்சில் எதனை முன்னே வைப்பர், எதனைப் பின்னே வைப்பர் என்பதையும் அங்கே எளிதிற் கண்டு கொள்ளலாம்.

இவ்வாரம் மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானா நாட்டுச் சந்தை ஒன்றினுள் நுழைந்து பார்ப்போம். தங்கக் கரை என்ற பெயரோடு பிரித்தானியர் ஆட்சியிலிருந்து, 1957 மார்ச் 6ஆம் நாள் சுதந்திரம் எய்திய நாடு அது. அங்கே அரசகரும மொழி ஆங்கிலம். ஆனால் சந்தையில் மிகுதியாகக் காதில் விழுவது துவி மொழி. அகான் மக்களின் மொழி அது. அசாந்தி நாட்டின் தலைநகரான குமாசியில் அதுவே தாய்மொழி. தலைநகராகிய அக்ராவின் பழங்குடி மக்கள் பேசுவது கா என்னும் வேறொரு மொழி. எனினும் அந்நகரச் சந்தைகளிலும் துவி தாராளமாக வழங்குகின்றது. கிறிஸ்தாலர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1875இல் அதற்கு ஓர் இலக்கணமும் 1881இல் ஓர் அகராதியும் வெளியிட்டார். அவற்றை அறிஞர்கள் பார்த்துக் கொள்ளட்டும். நமக்கு இப்பொழுது வேண்டியது ஒரு கிழங்கு வாங்கும் அளவுக்குச் சில சொற்கள்.

"விற்பவளுக்கு ஆங்கிலம் தெரியுமாயின் இந்தப் பாடுபடுவானேன்?" என்று மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. விலையைக் கேட்கவும் காசைக் கொடுக்கவும் ஆங்கிலம் போதும். ஆனால் ஆங்கிலத்தில் வாய் திறக்கும் அந்நியன் அவள் கண்ணுக்கு 'ஒப்ரோனி', அஃதாவது பிறநாட்டான். அவளுடைய மொழியில் ஒரு வணக்கம் கூறுபவன் யார் ஆகின்றான் என்பதைச் சற்றுப் பொறுத்துக் காண்போம்.

துவி மொழியில் விலை முதற் கேள்வியன்று. வணக்கமே முதலில் வரவேண்டும். காலையில் 'மாச்சே', நண்பகலுக்குப் பின் 'மாஹா', மாலையில் 'மாஜோ'. வணங்காமல் விலை கேட்பவன் பண்பறியாதவனாகக் கருதப்படுவான். விற்பவள் வயதில் மூத்தவளாயின் 'மாமே' என்று விளித்து வணங்குதல் அழகு. மாமே என்றால் தாய். நம்மூர்ச் சந்தையில் முன்பின் அறியாத கிழவியை நாம் 'ஆச்சி' என்று அழைப்பதில்லையா? அதனைப் போன்றதே இது.

இனி அவள் கூறும் மறுமொழியைக் கவனியுங்கள். துவியில் வணக்கத்துக்கு விடை, வணங்கியவர் யார் என்பதைப் பொறுத்து மாறும். வணங்கியவர் தாயின் பருவத்தினராயின் 'யா எனா'. தந்தையின் பருவத்தினராயின் 'யா அஜா'. ஒத்த வயதினராயின் 'யா நுவா'. பிள்ளைப் பருவத்தினராயின் 'யா ஒபா'. எனா என்பது தாய். அஜா என்பது தந்தை. நுவா என்பது உடன்பிறப்பு. ஒபா என்பது பிள்ளை. ஆகவே ஓர் இளைஞன் கிழங்குக்காரியிடம் சென்று 'மாமே, மாச்சே' என்றால், 'யா ஒபா' என்பாள் அவள். சற்று முன்பு ஒப்ரோனியாக நின்றவன் இப்பொழுது பிள்ளையாகிவிட்டான். விலைப்பேச்சு இனித்தான் தொடங்கப் போகின்றது.

இம்முறைக்கு மொழியமைப்பிலும் ஒரு காரணம் காணலாம். நமக்கு நீ, நீர், நீங்கள் என்று மரியாதையின் படிகள் உண்டு. துவியில் எதிரே நிற்பவர் எவராயினும் 'வொ' என்ற ஒரு சொல்லே வழங்கும். மரியாதைச் சுமையை அச்சொல் தாங்குவதில்லை. அதனை முறைப்பெயர்களும் 'மெப்பா வொ ச்சேவ்' என்ற தொடரும் தாங்குகின்றன. 'தயவு செய்து' என்பது அத்தொடரின் கருத்து; 'உன் முன்னே என் தொப்பியைக் கழற்றுகின்றேன்' என்பது சொல்லுக்குச் சொல் பொருள். பெரியோரைக் கண்டதும் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும் நமது பழைய வழக்கம் இங்கே நினைவுக்கு வருகின்றதன்றோ? மூத்தவர்களோடு பேசுங்கால் இத்தொடரை ஒரு முறைக்கு இரு முறை கூறினாலும் மிகையென்று எவரும் கொள்ளார்.

நன்றி கூறும் சொல் 'மெடாஸே'. 'உன் கீழே கிடக்கின்றேன்' என்று அதற்குப் பொருள் உரைப்பர். பணிவைக் காட்ட உடலின் நிலையையே சொல்லாக்கும் மரபு இரு தொடர்களிலும் தெரிகின்றது.

அடுத்து எண்கள். ஒன்று பாக்கோ, இரண்டு ம்மியெனு, மூன்று ம்மியென்ஸா, நான்கு எனான், ஐந்து எனும், ஆறு ன்ஸியா, ஏழு ன்ஸோன், எட்டு ன்வொச்வெ, ஒன்பது ங்க்ரோன், பத்து எடு. சொல்லின் முதலில் மெய்யெழுத்து வருவது நம் நாவுக்குப் புதிது. வாயை மூடி மெல்ல முனகி அடுத்த ஒலிக்குச் செல்ல வேண்டும். கானாவின் முதற் பிரதமராயிருந்த குவாமே நிக்ருமாவின் பெயரில் நாம் 'நி' என்று எழுதும் இடத்திலுள்ளதும் இத்தகைய முனகலே.

ஐந்தையும் பத்தையும் மறக்க வழியில்லை. 'எனும்', 'எடு' என்பன நம் நாவில் முன்னரே உள்ள ஒலிகள். 'எனான்' என்பதும் நான்கை ஒத்து ஒலிக்கின்றது. இதனைக் கண்டவுடன் துவிக்கும் தமிழுக்கும் உறவு கற்பிக்க முனைதல் வேண்டா. இரண்டு மூன்று சொற்கள் தற்செயலாய் ஒத்தொலிப்பது எந்த இரு மொழிகளுக்கிடையிலும் நிகழக்கூடியது. மனனஞ் செய்வதற்கு மட்டும் அவ்வொப்புமையைப் பயன்படுத்திக் கொள்வோம்.

பத்துக்கு மேற்பட்ட எண்கள் ஒழுங்கானவை. பதினொன்று டுபாக்கோ, பதினைந்து டுனும், பதினேழு டுன்ஸோன்: பத்தும் ஒன்றும், பத்தும் ஐந்தும், பத்தும் ஏழும். இருபது அடுவொனு. நாம் இரண்டை முன்வைத்து 'இருபது' என்போம். அவர்கள் பத்தை முன்வைத்து இரண்டைப் பின்வைப்பர். நூறு ஒஹா, ஆயிரம் அப்பெம்.

நாணயத்தின் பெயர் ஸிடி. 1965இல் பிரித்தானிய முறைப் பவுணை நீக்கி இந்த நாணயத்தைக் கொண்டு வந்தபோது, சோழியைக் குறிக்கும் துவிச் சொல்லிலிருந்து பெயரை எடுத்தனர். ஒரு காலத்தில் சோழியே அந்நாட்டில் காசாக வழங்கிற்று. அச்சோழிகளிற் பெரும்பகுதி நமது அண்டையிலுள்ள மாலைதீவுக் கடலில் எடுக்கப்பட்டு, ஐரோப்பியரின் கப்பல்களில் மேற்கு ஆபிரிக்கா சென்றது. அங்கே மனிதரை அடிமைகளாக வாங்குவதற்கும் அது விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதை வரலாறு படிக்கும் மாணவர் மறத்தல் கூடாது. ஸிடியின் நூறில் ஒரு பங்கு பெஸெவா. அது முன்னாளிற் பொற்றூளை நிறுத்த மிகச் சிறிய நிறையின் பெயர். பணத்துக்குப் பொதுப்பெயர் ஸிக்கா. பொன்னையும் அச்சொல்லாலேயே குறிப்பர். நமது 'பொன்' என்ற சொல்லும் அவ்வாறு இரு பொருளும் உடையதே.

இனிக் கிழங்கு வாங்குவோம். பயெரெ என்பது அங்கே பெரிதும் உண்ணப்படும் வள்ளிக்கிழங்கு இனம். விலையை எடுத்துக்காட்டுக்காகவே கூறுகின்றோம்.

வாங்குபவன்: மாமே, மாச்சே. (அம்மா, காலை வணக்கம்.)

விற்பவள்: யா ஒபா. அக்வாபா. (வணக்கம், பிள்ளாய். நல்வரவு.)

வாங்குபவன்: மெப்பா வொ ச்சேவ், பயெரெ யி யெ ஸென்? (தயவு செய்து, இந்தக் கிழங்கு என்ன விலை?)

விற்பவள்: ஸிடி அடுவொனு. (இருபது ஸிடி.)

வாங்குபவன்: ஏய்! நெ பொ யெ டென். தெ ஸோ மா மெ. (அடேயப்பா! விலை கடினம். எனக்காகக் குறையுங்கள்.)

விற்பவள்: வொபெத்துவா ஸென்? (நீ எவ்வளவு கொடுப்பாய்?)

வாங்குபவன்: ஸிடி டுனும். (பதினைந்து ஸிடி.)

விற்பவள்: டாபி. டுன்ஸோன். (இல்லை. பதினேழு.)

வாங்குபவன்: யோ. மெடாஸே. (சரி. நன்றி.)

விற்பவள்: நன்தெ யியே. (நன்றாக நடந்து செல்.)

'ஏய்' என்பது அங்கே வியப்பொலி; நம்மவர் அதட்டுவதைப் போன்றதென்று மயங்கற்க. 'நன்தெ யியே' என்பது விடைகொடுக்கும் வாழ்த்து. வழியிலே இடறாமல் வீடு சேர்க என்ற கருத்து அதிலுண்டு.

இவ்வுரையாடலில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. 'தெ ஸோ' என்றால் குறை. 'தொ ஸோ' என்றால் கூட்டு. உயிரொலி ஒன்றே வேறுபாடு. விலையைச் சுட்டி 'தொ ஸோ' என்பவன், "இன்னும் கூட்டிச் சொல்லுங்கள்" என்று தானே வேண்டிக் கொண்டவனாவான்! ஆனால் பேரம் முடிந்து பண்டம் கைக்கு வரும் வேளையில் 'தொ ஸோ மா மெ' என்பதே ஏற்ற சொல். அப்பொழுது அது, விலைக்கு மேலே இன்னும் கொஞ்சம் இடுங்கள் என்று கொசுறு கேட்பதாகும். தக்காளிக் குவியலின் மேல் இன்னும் இரண்டு பழங்கள் வந்து விழும். தானியத்தை 'ஒலொங்கா' எனப்படும் தகரப் பேணியால் அளப்பர்; அதன் மேலும் ஒரு கைப்பிடி வரும். அவ்வாறு கூட்டி இடுவதற்கு 'ன்தொஸோ' என்று பெயர். விலையைக் குறைக்க மனமில்லாதவளும் கொசுறு இடத் தயங்குவதில்லை.

உயிரொலியைப் போலவே ஒலியின் ஏற்ற இறக்கமும் பொருளை மாற்றும். 'பப்பா' என்ற சொல்லின் இரண்டு அசைகளையும் உயர்த்திச் சொன்னால் 'நல்லது'. முதலசையைத் தாழ்த்தி இரண்டாவதை உயர்த்தினால் 'தந்தை'. இரண்டையும் தாழ்த்தினால் 'விசிறி'. நூலைப் படித்து இதனைக் கற்க முடியாது. சந்தையில் நின்று செவியால் கற்க வேண்டும்.

நாவுக்கு மட்டுமன்றிக் கைக்கும் இலக்கணம் உண்டு. காசைக் கொடுப்பதும் பண்டத்தை வாங்குவதும் வலக்கையாலேயே செய்தல் வேண்டும். இடக்கையை நீட்டுதலும் அதனாற் சுட்டிக் காட்டுதலும் அவமதிப்பு. நம் பிள்ளைகளுக்கு இதனைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

கானாவின் சந்தைகளை நடத்துவோர் பெரும்பாலும் பெண்கள். குமாசி போன்ற பெருஞ் சந்தைகளில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு தலைவி உண்டு. அவளை 'ஒஹெம்மா', அஃதாவது அரசி என்பர். கிழங்குக்கு ஓர் அரசி. தக்காளிக்கு ஓர் அரசி. வியாபாரிகளுக்கிடையே பிணக்கு எழுந்தால் தீர்ப்பவள் அவளே. அவளிடம் படையில்லை, ஆணையோலையில்லை. சொல்லாலேயே சந்தையை ஆள்கின்றாள்.

சொல்லை ஒதுக்கிவிட்டுச் சந்தையை ஆள முயன்ற காலமும் ஒன்று இருந்தது. 1970களில் அந்நாட்டில் பணவீக்கமும் பண்டத் தட்டுப்பாடும் தலைவிரித்தாடின. கொள்ளை இலாபத்துக்குக் 'கலபூலே' என்றொரு பெயரே மக்கள் வாயில் தோன்றிற்று. 1979 யூனில் ஆட்சியைப் பிடித்த இராணுவத்தினர் பழியைச் சந்தைப் பெண்கள் மேற் சுமத்தினர். வியாபாரப் பெண்கள் பலர் பலர் முன்னிலையிற் சவுக்கடி பட்டனர். பண்டங்களைப் பறித்துக் கட்டுப்பாட்டு விலைக்கு விற்றனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் அக்ராவிலிருந்த மக்கோலா முதலாம் சந்தை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

பதுக்கியவர் எவருமே இருக்கவில்லை என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் விளைந்தது என்ன? கட்டுப்பாட்டு விலைக்கு விற்றால் நட்டம், விற்காவிட்டால் அடி. ஆகவே பண்டம் சந்தைக்கே வராமல் நின்றது. துப்பாக்கி கூறிய விலை மலிவாகத்தான் இருந்தது. அவ்விலைக்கு வாங்கப் பொருள்தான் இருக்கவில்லை. நாட்டின் நாணயமும் இறக்குமதியும் சீர்கெட்டதால் வந்த நோய், கூடை வைத்திருந்தவளை அடித்ததனால் தீரவில்லை. இன்று மக்கோலா என்ற பெயரோடு அப்பகுதியில் மீண்டும் பெருவியாபாரம் நடக்கின்றது. அங்கே விலையை மறுபடியும் பேச்சே தீர்மானிக்கின்றது.

இதனை எண்ணிப் பார்க்குங்கால், 'தெ ஸோ மா மெ' என்ற சிறு தொடரின் அருமை விளங்கும். 'குறை' என்று மட்டும் அது கூறவில்லை. 'எனக்காகக் குறை' என்று கூறுகின்றது. கேட்பவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. மறுப்பவளுக்கு மறுக்கும் உரிமை உண்டு. இருவரும் இணங்கிய இடமே விலை. அந்த இணக்கத்துக்கு வழி திறப்பது தொடக்கத்திற் கூறிய வணக்கம்.

தொழிலின் பொருட்டோ படிப்பின் பொருட்டோ அந்நாட்டுக்குச் செல்ல நேரும் இளைஞர் விமானத்திலிருந்து இறங்குமுன் இவற்றையேனும் மனனஞ் செய்து கொள்க: மாச்சே, மெப்பா வொ ச்சேவ், யெ ஸென், தெ ஸோ மா மெ, மெடாஸே, இவற்றோடு பத்து வரையுள்ள எண்கள். ஒரு மாலைப் பொழுது போதும். எண் மறந்துபோனால் வலக்கை விரலை நீட்டிக் காட்டி விடலாம். 'மாமே' என்பதை விரலாற் காட்ட இயலாது. அதனை மட்டும் மறவாதிருங்கள்.