சம்பளம் முழுக்க ஓவியத்துக்கு! அசர வைத்த தபால் குமாஸ்தா

நவீன ஓவியம், சிற்பம் வாங்குவது கோடீஸ்வரர் வேலை என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சைப் பொய்யாக்கியவர் நியூயார்க் தபால் குமாஸ்தா ஹெர்பர்ட் வோகல். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். மனைவி டோரதி, நூலகர்.

1962-ல் கல்யாணம். டோரதி சம்பளத்தில் வாடகை, சாப்பாடு. ஹெர்பர்ட் சம்பளம் அப்படியே கலைஞர்கள் கைக்குப் போனது. விலை கட்டுப்படியாகணும், டாக்சியில் ஏறணும், ஒரே படுக்கையறை கொண்ட வீட்டில் நுழையணும். இவ்வளவுதான் கணக்கு!

சால் லெவிட், டொனால்டு ஜட், ரிச்சர்ட் டட்டில்... எல்லாம் பின்னாளில் பேர் போனவர்கள். அன்று வாங்க ஆள் குறைவு. கட்டிலுக்கு அடியில், குளியலறையில் எல்லாம் அவர்கள் படைப்புகள். நடுவே பூனை, ஆமை வேறு. கிறிஸ்டோ தம்பதியின் பூனையைப் பார்த்துக்கொண்டதற்குக் கூலியாகவே ஒரு படம் கிடைத்தது!

நாலைந்தை விற்றிருந்தால் பங்களா வாங்கியிருக்கலாம். ஒன்றைக்கூட விற்கவில்லை. பிழைக்கத் தெரியாதவர் என்பார்கள் சிலர். ஏலத்தில் எடுத்து, பெட்டகத்தில் பூட்டி, விலை ஏறியதும் தள்ளிவிடும் ஆசாமிகளைக் 'கலா ரசிகர்' என்று கொண்டாடுவதும் அவர்களேதான். கட்டிலுக்கு அடியில் வைத்ததும் பூட்டி வைத்த மாதிரிதானே? நியாயமான கேள்வி. ஆனால் 1992-ல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குத் தருவதாக அறிவித்துவிட்டார்கள். அங்கே டிக்கெட் கிடையாது, யாரும் பார்க்கலாம். சாமானை ஏற்ற 5 பெரிய வண்டிகள் தேவைப்பட்டன.

கலைக்கூடம் கொடுத்த உதவித்தொகையையாவது வங்கியில் போட்டார்களா? அதிலும் ஓவியம்தான் வாங்கினார்கள். மொத்தம் 4 ஆயிரத்தைத் தாண்டியது. 2008-ல் 50 மாநிலங்களுக்கும் தலா 50 என்று பிரித்துக் கொடுக்க ஏற்பாடானது.