அந்திமந்தாரையைக் குப்பையில் போடாதீர்கள்



டொரொன்டோவில் இருக்கும் என் தங்கை மகள் நேற்று போன் செய்தாள். குளிர் வந்துவிட்டதாம், அந்திமந்தாரையைப் பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டுவிட்டாளாம். "ஒரு வருஷச் செடிதானே பெரியம்மா!" அங்கே விதைப் பாக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம்.

பாக்கெட் சொன்னால் வேதமா? அது பல வருஷச் செடி. திருவொற்றியூரில் என் வாசலில் லாரித் தூசி இலையெல்லாம் படிந்தும் சாயங்காலம் ஆனால் பூக்கிறது. அடியோடு வெட்டினாலும் கிழங்கிலிருந்து துளிர்க்கிறது. உறைபனியில் முதலில் கருகுவது இலையும் தண்டும்தான். மண்ணே உறைந்தால்தான் கிழங்கு அழுகும்.

இலை கறுத்ததும் தண்டை வெட்டிவிட்டு, கிழங்கை உடையாமல் தோண்டுங்கள். சில நாள் நிழலில் காயவிட்டு, உலர்ந்த மணலில் புதைத்து, பேஸ்மென்டில் 5 முதல் 10 டிகிரியில் வையுங்கள். தண்ணீர் கூடாது. (கிழங்கும் விதையும் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.) உறைபனி விட்டதும் மே கடைசியில் நடலாம். டேலியாவுக்கு அந்த ஊர்க்காரர்கள் இதைத்தானே செய்கிறார்கள்? நம்ம வாசல் பூ என்றால் மட்டும் இளப்பமா?

"விதை இருக்கிறதே" என்பீர்கள். ராயபுரத்தில் என் அம்மா வளர்த்தது மஞ்சளில் சிவப்புத் தெளித்த பூ. விதையில் அதே நிறம் வரும் என்று நிச்சயமில்லை. என் வாசலில் இப்போது வெறும் சிவப்புதான். அந்தத் தெளிப்பு இவள் தோட்டத்தில்தான் வந்தது. ராயபுரம் வீடும் இன்று இல்லை.

குப்பை வண்டி வருவதற்குள் பையைப் பிரி, கண்ணு.