நர்ஸை இடம் மாற்றினால் போதாது. நர்ஸ்களை நியமிக்க வேண்டும்!

ஆலையில் இரவு ஷிப்டு. ரிங் பிரேமில் ஒரு தொழிலாளி வேலைக்கு வரவில்லை. மேஸ்திரி என்ன செய்கிறார்? பக்கத்தில் நிற்பவர் தலையில் இன்னும் இரண்டு சைடுகளைக் கட்டுகிறார். அதுவும் போதாவிட்டால் வேறு டிபார்ட்மெண்டிலிருந்து ஒருவரை இழுத்து வந்து நிறுத்துகிறார். நூல் அறுகிறது, கழிவு பெருகுகிறது, கடைசியில் மெமோ தொழிலாளிக்கே வருகிறது. நமது ஆலைத் தோழர்களுக்கு இது பழகிப்போன கதை.

இதே கதைதான் ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. ஆனால் அங்கே அறுந்தால் முடிந்துகொள்ள முடியாது. அறுவது மனித உயிர்.

குழந்தைகள் வார்டில் பல வருஷம் வேலை பார்த்த நர்ஸ் ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொல்லுகிறார்கள். பிரசவ வார்டு நர்ஸை எலும்பு முறிவு வார்டுக்கு அனுப்புகிறார்கள். "எல்லோரும் நர்ஸ்தானே" என்பது நிர்வாகத்தின் வாதம். பச்சிளங் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு வேறு, பெரியவர்களுக்கு வேறு. சுவாசக் கருவியின் மணி எதற்காக அடிக்கிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள அந்தப் பிரிவிலேயே பழகியிருக்க வேண்டும். நாற்று நடுகிற கைக்கு ஒரு பழக்கம், கதிர் அறுக்கிற கைக்கு ஒரு பழக்கம் என்பதை அறிந்த விவசாயத் தொழிலாளிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆள் குறைந்த பொது வார்டில் ஓடி ஓடிக் களைத்த நர்ஸ், "வேறு பிரிவுக்கு மாற்றுங்கள்" என்று தாமே மனுக் கொடுக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் அவர் போன பிறகு அந்த வார்டில் மிஞ்சியிருப்பவர் கதி என்ன? நாற்பது நோயாளிகளை இருவர் பார்த்த இடத்தில் ஒருவர் பார்க்கிறார். அவரும் ஓடத் துடிக்கிறார். பற்றாக்குறை ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு இடம் மாறுகிறதே தவிர, தீர்வதில்லை.

இது வெறும் மனக்குறை அல்ல என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. ஒரு நர்ஸ் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், ஆபரேஷன் செய்துகொண்டவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அது கூறிற்று. நர்ஸ்களின் சோர்வும் வேலையில் வெறுப்பும் அத்துடன் சேர்ந்தே வளர்கின்றன என்றும் அது காட்டியது.

நமது நாட்டில் நியதி இல்லையா? இருக்கிறது. போதனா ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 நோயாளிக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. லீவில் போகிறவர்களுக்காக 30 சதவீதம் கூடுதலாக ஆள் வைக்க வேண்டும் என்றும் அது சொல்லுகிறது. வார்டுக்குள் போய் நோயாளிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். நியதி காகிதத்தில் இருக்கிறது. நோயாளி தரையில் பாயில் கிடக்கிறார்.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2015-இல் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் தேர்வு எழுதி ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டனர். மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று வாக்களிக்கப்பட்டது. வாக்கு நிறைவேறாததால் 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட்டத்தில் குதித்தனர். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-உடன் ஒப்பந்தம் முடிந்தது என்றது சர்க்கார். உயிருக்குப் போராடியவர்களின் அருகே நின்று தொழில் பழகிய அந்தக் கைகளை வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, வேறு திட்டங்களில் மாற்றுப் பணி தருவதாகச் சொன்னது. ஆபத்து வந்தால் "தேவதை", ஆபத்து நீங்கினால் "உபரி"! இது என்ன நியாயம்?

வழி இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவில் நர்ஸ்கள் சங்கமாகத் திரண்டு போராடி 1999-இல் ஒரு சட்டத்தைப் பெற்றார்கள். எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதைப் பிரிவு வாரியாக அது கட்டாயமாக்கியது. ஒரு பிரிவில் தக்க பயிற்சி பெறாத நர்ஸை அங்கே வேலைக்குப் போடக் கூடாது என்றும் விதித்தது. 2004 ஜனவரியில் விகிதங்கள் அமலுக்கு வந்தன. பொது வார்டில் 6 பேருக்கு ஒருவர் என்பது 2005-இல் 5 பேருக்கு ஒருவர் ஆக வேண்டும். கவர்னர் ஷ்வார்ஸ்நெக்கர் அதைத் தள்ளிப்போட உத்தரவிட்டார். நர்ஸ்கள் வீதிக்கு வந்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். 2005 மார்ச்சில் கோர்ட் அவரது உத்தரவைச் செல்லாதென்றது. முதலாளித்துவ நாட்டிலேயே ஒன்றுபட்ட தொழிலாளர் இதைச் சாதிக்க முடிந்தது!

எனவே நாம் கோருவது இதுதான்: காலி இடங்களை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். நோயாளி-நர்ஸ் விகிதத்தைச் சட்டமாக்கி, தனியார் ஆஸ்பத்திரிகளையும் அதில் கட்டுப்படுத்த வேண்டும். பயிற்சியின்றிப் பிரிவு மாற்றும் வழக்கத்தைத் தடை செய்ய வேண்டும். பிரிவு மாற விரும்பும் நர்ஸுக்குச் சம்பளத்துடன் பயிற்சி தர வேண்டும்.

ஆலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! அந்த வார்டுகளில் படுத்திருப்பவர் யார்? பெல்ட்டில் கை சிக்கிய தொழிலாளி, வயலில் பாம்பு கடித்த கூலியாள், பிரசவத்துக்கு வந்த நமது மனைவியும் மகளுமே. ஊசி தாமதமானால் நர்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் நம்மைப் போல வேலைப் பளுவில் நசுங்குகிற தொழிலாளி. அவரது கோரிக்கை மனுவில் உங்கள் சங்கத்தின் கையெழுத்தும் சேரட்டும்!